வரும் சூரிய கிரகணங்களும் கரிசல் குடியானவரும்

2027-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி திங்கட்கிழமை, ஆடி அமாவாசையன்று, பூரண சூரிய கிரகணம் ஒன்று சம்பவிக்க இருக்கிறது. சந்திரனுடைய கருநிழல் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தில் தொடங்கி, ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதி, வட ஆப்பிரிக்கா, எகிப்து, அரேபியா, சோமாலியா ஆகியவற்றைக் கடந்து இந்து மகாசமுத்திரத்தில் முடியும். எகிப்திலுள்ள லக்ஸார் நகரத்தருகே 6 நிமிஷம் 23 விநாடி வரையில் சூரியன் முழுதும் மறைந்திருக்கும். கோவில்பட்டியிலும் அதைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்திலும் அன்று மாலை சூரியனில் ஒரு பகுதி மறைவதை மட்டுமே காணலாம், பகல் இரவாகாது.

நமக்கு இதனினும் நெருங்கியது 2031-ஆம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி நேரும் கங்கண கிரகணமாகும். அதன் பாதை கேரளத்தையும் தமிழ்நாட்டின் தென்பகுதியையும் கடந்து யாழ்ப்பாணம் செல்லும். தேனியும் மதுரையும் அப்பாதைக்குள் அடங்கும். கோவில்பட்டி வட்டாரத்திலும் சூரியனில் பெரும்பகுதி மறையும். அது கத்திரி வெயிற்காலம். வேளையோ நண்பகலை ஒட்டியது. ஆகையால் கிரகணம் எவ்வாறு உண்டாகிறது, அந்நாளில் குடியானவர் செய்யத் தக்கதும் தகாததும் யாவை என்பவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்வது நலம்.

கிரகணம் உண்டாகும் விதம்

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே சந்திரன் நேராக வரும்போது அதன் நிழல் பூமியின்மேல் விழுகிறது. சூரிய கிரகணம் என்பது இதுவே. சூரியன் சந்திரனைவிடக் குறுக்களவில் சுமார் 400 மடங்கு பெரிது. அது நம்மிடமிருந்து சந்திரனைவிடச் சுமார் 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. ஆதலால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தோன்றுகின்றன. தூரத்திலுள்ள பனைமரத்தைக் கண்ணருகே பிடித்த சுண்டுவிரல் மறைத்துவிடுவதைப் போலவே, சிறிய சந்திரன் பெரிய சூரியனை மறைக்கிறது.

சந்திரன் பூமிக்கு அண்மையில் இருக்கும்போது இவ்வாறு நேர்ந்தால் சூரியன் முழுதும் மறையும். அது பூரண கிரகணம். சந்திரன் தொலைவில் இருக்கும்போது நேர்ந்தால், அது சற்றுச் சிறிதாகத் தோன்றுவதால், சூரியனுடைய விளிம்பு வளையல்போல் எஞ்சி நிற்கும்; அது கங்கண கிரகணம். கருநிழலின் பாதைக்குப் புறம்பேயுள்ளவர்களுக்குப் பகுதிக் கிரகணமே தென்படும்.

அமாவாசைதோறும் கிரகணம் வராததேன் என்று வினவலாம். ஒரு தாம்பாளத்தைச் சற்றுச் சாய்த்து நீரில் பாதி அமிழ்த்தினால், அதன் விளிம்பு நீர்மட்டத்தை இரண்டே இடங்களில் வெட்டும். அதுபோலச் சந்திரன் செல்லும் வழியும் சூரியன் செல்வதாகத் தோன்றும் வழிக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அவ்விரு வழிகளும் வெட்டும் இடங்களையே நம் ஜோதிட நூலார் ராகு, கேது என்றனர். அமாவாசை அவ்விடங்களுக்கு அருகில் நேர்ந்தாலன்றிக் கிரகணம் இல்லை. சந்திரனுடைய நிழலே சூரிய கிரகணத்துக்குக் காரணம் என்று ஆரியபடர் கி.பி. 499-இலேயே கணித்துக் கூறியிருக்கிறார்.

கிரகணங்கள் 18 வருஷம் 11 நாள் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே விதமாகத் திரும்பி வருகின்றன. 2009-ஆம் வருஷம் ஜூலை 22-ந் தேதி சூரத், காசி, பாட்னா நகரங்களில் காணப்பட்ட பூரண கிரகணமே 2027-இல் மீளுகிறது. மிகுதியான 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால், நிழல் இம்முறை நமக்கு மேற்கே விழுகிறது. இவ்வளவு கணக்கிற்குட்பட்ட சம்பவத்தை உற்பாதமாகக் கருத இடமில்லை.

நம் நாட்டு அநுபவம்

1871-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக ஒரு பூரண கிரகணம் சென்றது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தார் அவிநாசியில் முகாமிட்டு அதைப் பார்த்தனர். நம் வட்டாரத்தில் 2010-ஆம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி, மாட்டுப் பொங்கலன்று, பிற்பகலில் கங்கண கிரகணம் தென்பட்டதைப் பலர் நேரில் கண்டிருப்பர். அன்று தொழுவத்தில் நின்ற மாடுகளுக்கும் காட்டில் நின்ற பயிருக்கும் என்ன நேர்ந்தது என்பதை அவரவர் அநுபவத்தைக் கொண்டே தீர்மானித்துக்கொள்ளலாம்.

பயிரும் விதைப்பும்

கிரகணத்தால் பயிர் இழப்பது சில மணி நேர வெயிலில் ஒரு பங்கே. ஒரு நாள் மேகமூட்டம் இதனினும் அதிகமாக மறைக்கிறது. விதையின் முளைப்புக்கு வேண்டுவன ஈரம், காற்று, தகுந்த வெப்பம் ஆகியவையே.

கரிசல் மண்ணில் விதைப்பு நாட்கள் மிகச் சில. மழை பெய்தவுடன் ஏர் இறங்காது. பதம் தப்பினாலோ நிலம் இறுகி வெடித்துவிடும். கோவில்பட்டியில் 1901-ஆம் வருஷம் ஏற்பட்ட விவசாய ஆராய்ச்சி நிலையமும் மானாவாரிப் பயிர்களுக்கு மழையையும் மண்ணின் ஈரத்தையும் ஒட்டியே விதைப்புப் பருவத்தைக் கூறி வந்திருக்கிறது. கிரகணங்கள் ஐப்பசியிலும் வருவதுண்டு. 2022-ஆம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி அவ்வாறு ஒன்று வந்தது. அத்தகைய வேளையில் பருத்தியோ சோளமோ உளுந்தோ விதைக்கப் பதம் வாய்த்திருக்குமாயின், கிரகணத்தை முன்னிட்டு விதைப்பைத் தள்ளிவைத்தல் கூடாது. தள்ளிவைத்தவருக்கு நஷ்டம் நேரின், அது தவறவிட்ட ஈரத்தால் நேர்ந்ததே.

கால்நடையும் மனிதரும்

கிரகணம் விடும்வரை தண்ணீரும் தீவனமும் தொடலாகாது என்னும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. 2031-இல் கத்திரி வெயிலின் நடுப்பகலில் இதை அநுசரித்தால், கறவை மாடுகளும் உழவு மாடுகளும் வெக்கையால் வருந்தும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியோரும் சோர்ந்துபோவர். ஸ்நானம், தர்ப்பணம் முதலியன அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தவை. தாகத்துக்கு நீர் மறுப்பது மட்டும் வேண்டாம்.

தாம்பாளத்து நீரில் உலக்கை நிற்பதைக் கிரகணத்தின் சக்தி என்பர். அடி சமமான உலக்கையை வேறெந்த நாளிலும் அவ்வாறே நிறுத்திப் பார்க்கலாம்.

பார்க்கும் முறை

உண்மையான அபாயம் கண்ணுக்கே. சூரியனை நேரே நோக்கினால் விழித்திரை வெந்துபோகும். அப்பொழுது வலி தெரியாது. புகையேற்றிய கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம், சாணம் கரைத்த நீரில் தெரியும் பிம்பம் ஆகிய எவையும் பாதுகாப்பல்ல. கிரகணத்துக்கென்றே தயாரித்த தரமான கண்ணாடியையோ, வெல்டிங் வேலைக்குரிய 14-ஆம் எண் கண்ணாடியையோ உபயோகிக்கலாம். அவை இல்லையெனில், ஓர் அட்டையில் ஊசித்துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளைவழி வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச்செய்து பார்க்கலாம். வேப்பமர நிழலில் இலைகளின் இடையே விழும் ஒளிப்புள்ளிகளும் அன்று பிறைவடிவாய்த் தரையில் தோன்றும்.

கிராம அதிகாரிகள் கிரகணத்துக்குச் சில நாள் முன்னரே இவ்விஷயங்களைப் பள்ளிக்கூடத்தின் மூலம் தெரிவிப்பது நலம். கோடையில் வரும் கிரகணமாயின், அன்று காலையிலேயே ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பிவைக்க ஏற்பாடு செய்தல் வேண்டும்.