கம்பியில்லா வீட்டு இணையத்தைத் தேர்ந்தெடுத்தல்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமைக்குக் காரணம் அதன் ஆழமும் அதனைச் சூழ்ந்த குன்றுகளுமே. வெளியே கடல் கொந்தளிக்கும்போதும் உட்குடாவில் நங்கூரமிட்ட கப்பல் அசையாது நிற்கும். குன்று காற்றைத் தடுக்கிறது. ஆயின் அதே குன்று வேறொன்றையும் தடுக்கிறது என்பதை இக்கரையின் இல்லத்தவர் அண்மைக் காலத்திலேதான் உணர்ந்துள்ளனர். குன்றின் ஒருபுறத்து வீட்டில் இணையம் தடையின்றி ஓடுகிறது. மறுபுறத்து வீட்டில், அதே நிறுவனத்துக்கு அதே கட்டணத்தைச் செலுத்தியும், ஒரு பாடக்குறிப்பு வந்து சேர்வதற்குள் பிள்ளை உறங்கிவிடுகிறது. வீட்டுக்குக் கம்பியில்லா இணைய இணைப்பொன்றைப் பெற எண்ணுவோர் முதலில் நோக்கவேண்டியது வீதியோரத்து விளம்பரப் பலகையை அன்று. தம் வீட்டுக்கும் அலைக்கோபுரத்துக்கும் இடையே நிற்பது யாது என்பதையே.

இணையம் வீட்டை அடைய இரு வழிகள் உண்டு. ஒன்று கம்பி வழி. முன்னர் அது தொலைபேசிச் செப்புக் கம்பியாக இருந்தது. இப்பொழுது ஒளியைச் சுமக்கும் மெல்லிய கண்ணாடி நாராக வருகிறது. இந்த ஒளிநார்க் கம்பி வாசல்வரை வருமாயின் வேறெதையும் ஆராய வேண்டியதில்லை. அதனையே பெறுதல் நன்று. ஆயின் வீடுகள் விலகி விலகி நிற்கும் ஊர்ப்புறங்களுக்குக் கம்பி இழுப்பது செலவு மிகுந்த காரியம். அங்கெல்லாம் மற்றைய வழியே துணை. நிறுவனத்தின் கோபுரத்திலிருந்து புறப்படும் வானொலி அலையை, வீட்டில் வைத்த ஒரு சிறு பெட்டி வாங்கி, வீட்டினுள்ளே பகிர்ந்து கொடுக்கிறது. பெட்டியினுள்ளே கைத்தொலைபேசியில் உள்ளது போன்றதொரு சிம் அட்டை இருக்கும். ரவுட்டர் என வழங்கும் இப்பெட்டி கைத்தொலைபேசியைப் போல ஊரெல்லாம் திரிவதில்லை. ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. இதன் நன்மையும் தீமையும் அந்த நிலைத்து நிற்றலிலேயே அடங்கியுள்ளன.

இலங்கைக்கு இம்முறை புதியதன்று. 1996ஆம் ஆண்டில் சண்டெல், லங்கா பெல் ஆகிய இரு நிறுவனங்கள் கம்பியில்லாத் தொலைபேசிச் சேவைக்கு அனுமதி பெற்றன. 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில், மேசைமேல் வைத்துப் பேசும் கம்பியில்லாத் தொலைபேசிகள் பல கிராமங்களுக்குச் சென்றன. சண்டெல் 2012இல் டயலொக் நிறுவனத்துடன் சேர்ந்தது. 2012ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி நான்காம் தலைமுறை அலைவரிசை வீடுகளுக்கென வழங்கப்படலாயிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அதுவரை வசதியாகக் கருதப்பட்ட பொருள் ஒரே வாரத்தில் தேவையாயிற்று.

வானொலி நேயர்கள் அலைகளை நன்கறிந்தவர்கள். 1000 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பும் மத்திய அலை நிலையத்தின் அலைநீளம் 300 மீற்றர். அத்தகைய நீண்ட அலை நிலத்தைத் தழுவிச் செல்லும். சிறு மேட்டைச் சுற்றி வளைந்து அப்பாலுள்ள வீட்டையும் சேரும். சிற்றலையோ வானத்து மின்மண்டலத்தில் மோதித் திரும்பிக் கண்டங்களைக் கடக்கும். ஜெர்மானிய வானொலியாகிய டொய்ச்ச வெல்லே திருகோணமலைக் கரையிலே சிற்றலை அஞ்சல் நிலையமொன்றை நடத்தியதையும், அது 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்ததையும் இம்மாவட்டத்தார் அறிவர். அங்கிருந்து புறப்பட்ட ஒலி பல்லாயிரம் மைல் சென்றது.

வீட்டு இணையத்தின் அலை இவ்விரண்டின் குணத்தையும் உடையதன்று. அதற்குப் பயன்படும் அலைவரிசைகளுள் ஒன்றாகிய 2300 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர்; ஒரு சாண் அளவுகூட இல்லை. இத்தகைய குற்றலை ஒளியைப் போல நேர்கோட்டில் செல்வதையே விரும்பும். குன்று வந்தால் நிற்கும். சீமெந்துச் சுவரில் இளைக்கும். தகரக் கூரையில் பட்டால் தெறித்துப் போகும். நனைந்த மாவிலையும் வேப்பிலையும் அதனை உறிஞ்சும். பலர் அஞ்சுவது போல மழைத்துளி அதற்குப் பெரும் பகையன்று. மழைநாளில் இணைப்புத் தளர்வதற்கு நனைந்த மரங்களும், மின்சாரமும், எல்லோரும் வீட்டுக்குள் இருந்து இணையத்தைப் பயன்படுத்துவதுமே பெரும்பாலும் காரணம்.

இம்மாவட்டத்தின் நில அமைப்பில் ஒரு விந்தை உண்டு. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரிலிருந்து நோக்கின், இரவிலே துறைமுகத்தின் விளக்குகள் நீருக்கு மேலாகத் தெரியும். தரைவழியே செல்வதாயின் குடாவைச் சுற்றவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் பாதைப் படகிலும் ஏறி இறங்கவேண்டியிருந்தது. ஆயின் அலைக்குக் கடலே நேர்வழி. எனவே கடலை நோக்கிய மாடியொன்றில், பெட்டி அக்கரைக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டு ஐந்து கோடுகளையும் நிறைத்துக் காட்டக்கூடும். கண்டவர் மகிழ்வர். எனினும் கோடு நிறைந்தது கொண்டு வேகம் நிறைந்ததெனத் துணிதல் கூடாது. கோபுரத்திலிருந்து நேரே வந்த அலையும் நீர்ப்பரப்பில் தெறித்து வந்த அலையும் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் நிற்கும். அமைதியான வெப்ப நாட்களில் கடலின் மேற் படியும் ஈரக்காற்றுப் படலம், தொலைவிலுள்ள கோபுரங்களின் அலையையும் வளைத்துக் கொணர்ந்து குழப்பக்கூடும். சந்தையிலே உரத்த குரல் பல கேட்பினும் ஒருவர் சொல்லும் விளங்காதது போன்றது இந்நிலை.

ஆதலால் இரண்டு எண்களைக் கேட்டறிதல் வேண்டும். ரவுட்டரின் உட்பக்கத்திலே இவை எழுதப்பட்டிருக்கும். பொருத்த வரும் ஊழியரைக் கேட்டால் காட்டுவார். முதலாவது அலையின் வலிமை, ஆர்.எஸ்.ஆர்.பி. எனப்படும். இது மறை எண்ணாக வரும். மறை 80 எனில் நன்று. மறை 110 எனில் மெலிவு. இடையிலுள்ள முப்பது சிறு வேறுபாடு போலத் தோன்றினும், உண்மையில் ஆயிரம் மடங்கு வேறுபாடாகும். இரண்டாவது அலையின் தெளிவு, எஸ்.ஐ.என்.ஆர். எனப்படும். இது 20ஐ அண்மித்தால் மிக நன்று. பூச்சியத்துக்குக் கீழே சென்றால் இணைப்பு இடருறும். கடைக்காரர் முதலாவதையே பேசுவர். வீட்டுக்காரர் இரண்டாவதை வற்புறுத்திக் கேட்கவேண்டும். தெளிந்த அலையின் ஒவ்வொரு துடிப்பிலும் ஆறு அல்லது எட்டுப் பிட் செய்தியை ஏற்றலாம். கலங்கிய அலையில் இரண்டுதான் ஏறும். வேகம் குறைவதன் இரகசியம் இதுவே.

மற்றொரு காரணம் பங்கீடு. ஒரு கோபுரத்தின் ஒரு திசையில் வாழும் வீடுகள் யாவும் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் வயல்களைப் போன்றவை. கந்தளாய்க் குளத்து நீரால் தம்பலகாமத்தில் வேளாண்மை செய்வோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மேல்மடையில் எல்லோரும் ஒரே வேளையில் மறித்தால் கடைமடைக்கு ஈரம் மட்டுமே வரும். கோபுரத்தை அண்மித்த வீடு மேல்மடை. எட்டியுள்ள வீடு கடைமடை. காலை பத்து மணிக்கு வாய்க்கால் நிறைந்து ஓடும். இரவு எட்டு மணிக்கு, வேலை முடிந்து வந்தோரும் படம் பார்ப்போரும் கடல் கடந்த உறவினருடன் முகம் பார்த்துப் பேசுவோரும் சேரும்போதே அதன் உண்மை அளவு தெரியும். நிறுவன ஊழியர் பெரும்பாலும் முற்பகலிலேயே வந்து அளந்து காட்டுவர். அதில் வஞ்சகம் இல்லை, அது அவர்களது அலுவல் நேரம். ஆயினும் முற்பகல் அளவையை நம்பி ஒப்பமிடுவது பேதைமை.

கிண்ணியாவிலே ஒரு குடும்பம் எனக் கொள்வோம். தந்தை கட்டாரில் தொழில் செய்கிறார். மூத்த பெண் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிறாள். அவளுக்கு வேண்டிய ஆசிரியர் வேறூரிலிருந்து இணையத்தின் வழியே கற்பிக்கிறார். தாய் கையிருப்பைக் கொண்டு ரவுட்டர் வாங்கப் போகிறார். பட்டினத்தில் வாழும் உறவினர், தம் வீட்டில் நன்றாக இயங்குகிறது என ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்கிறார். அச்சொல்லை நம்பி வாங்கியபின் வகுப்பு நடுவில் அறுந்து அறுந்து வருமாயின் பணம் மட்டுமா போகும்? பரீட்சைக்குமுன் எஞ்சியுள்ள மாதங்களும் போகும். அத்தாய் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அயலார் இருவர் மூவரிடம் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் உள்ள கைத்தொலைபேசிகளை ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் பெற்று, பெட்டி இருக்கப்போகும் யன்னலருகே வைத்து, இரவு ஏழு மணிக்கும் ஒன்பதுக்கும் இடையில் வேகத்தை அளந்து பார்க்கலாம். கைத்தொலைபேசியின் அளவை ரவுட்டரின் அளவையோடு முற்றும் ஒவ்வாது; சிலவேளை இரண்டும் வெவ்வேறு அலைவரிசையில் இயங்கும். எனினும் எந்த நிறுவனத்தின் கோபுரம் அவ்வீட்டை நேரே நோக்குகிறது என்பது அதனால் ஏறத்தாழப் புலப்படும். அதன்பின், பெட்டியைச் சில நாள் வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க இடமுண்டா என்று எழுத்தில் கேட்டல் வேண்டும். இடமில்லை என்பவரிடம் வாங்காதிருப்பதே மேல்.

எவ்வளவு தரவு வேண்டும் என்பது எளிய கணக்கு. படத்துடன் கூடிய ஒரு மணி நேர வகுப்புக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் செல்லும். நாளுக்கு இரண்டு மணி வீதம் மாதத்தில் 25 நாட்கள் எனில் 50 ஜிகாபைட். தந்தையுடன் பேசுவதற்குச் செல்வது அதனினும் மிகக் குறைவு. தொலைக்காட்சிப் பெட்டியில் உயர்தரப் படம் பார்த்தால் மட்டும் மணிக்கு 3 ஜிகாபைட் வரை கரையும். மாத நடுவில் தரவு தீர்ந்துவிட்டது என முறையிடும் வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி அதுவே. சில திட்டங்களில் மொத்தத் தரவின் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின்னரே பயன்படும். அந்த எண்ணையும் சேர்த்துப் பெரிதாக அச்சிட்டிருப்பர். உறங்கும் வேளைக்குரிய பங்கைக் கழித்துவிட்டே விலையை ஒப்பிடவேண்டும். எல்லையற்றது என விற்பதிலும், குறித்த அளவைத் தாண்டியபின் வேகம் எவ்வளவாகக் குறையும் என்று கேட்க வேண்டும். வேகத்தை மெகாபிட்டிலும் கோப்பின் அளவை மெகாபைட்டிலும் சொல்வது வழக்கம். எட்டு மெகாபிட் சேர்ந்ததே ஒரு மெகாபைட். 16 மெகாபிட் எனும் இணைப்பு நொடிக்கு 2 மெகாபைட்டைத்தான் கொணரும்.

விலையில் வரி சேர்ந்துள்ளதா என்பதும் கேட்கத்தக்கது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் நூற்றுக்கு 18 வீதமாக உயர்ந்தது. ரவுட்டர் வீட்டுக்காரரின் சொத்தா, நிறுவனத்தின் சொத்தா? இடையில் நிறுத்தினால் தண்டம் உண்டா? வீடு மாறினால் அதே இணைப்பு புதிய முகவரியில் இயங்குமா? வாடகை வீட்டில் இருக்கும் உத்தியோகத்தருக்கு இக்கடைசிக் கேள்வி மிக முக்கியம். வீட்டு இணைப்புச் சிலவற்றை, பதிவுசெய்த இடத்துக்கு அப்பால் பயன்படுத்த விடுவதில்லை. நிறுவனத்திடம் முறையிட்டும் தீராத குறைகளை, 1996இல் நிறுவப்பட்ட இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். எழுதுவோர் திகதியும் நேரமும் அளந்த வேகமும் குறித்த ஒரு பட்டியலை இணைத்தால் முறைப்பாட்டுக்கு வலிமை உண்டாகும்.

மின்சாரத்தை மறந்து இணையத்தைப் பேச முடியாது. 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. வீட்டில் மின்கலம் இருந்தோரும் கோபுரம் ஓய்ந்தால் பயன் பெறார். ஆயினும் குறுகிய மின்தடைகளைத் தாண்ட, ரவுட்டருக்கென விற்கும் சிறு மின்கலப் பெட்டியொன்று போதும். பெட்டியின் வோல்ற் அளவு ரவுட்டரின் அளவோடு ஒத்திருக்கிறதா எனப் பார்த்தே வாங்கவேண்டும். இடிமுழக்கம் தொடங்கியவுடன் மின்செருகியைக் கழற்றுவதும் கடமை.

தகரக் கூரையின் கீழே அலை மெலியும் வீட்டில், வெளியே ஏரியல் பொருத்துவது பெரும் பயன் தரும். ஏரியலைக் கோபுரத்தின் திசைக்குத் திருப்பி, ரவுட்டருக்குச் செல்லும் கம்பியை இயன்றவரை குறுக்கவேண்டும். கம்பி நீளநீள, ஏரியல் ஈட்டியதைக் கம்பியே உண்டுவிடும். இக்கரையில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். எனவே துருவேறா ஆணிகளும் நீர்புகாது சுற்றிய மூட்டுகளும் வேண்டும். வைகாசி தொட்டு வீசும் கச்சான் காற்று ஏரியலைச் சிறிது சிறிதாகத் திருப்பிவிடும். மார்கழி நோக்கி வரும் புயலோ கம்பத்தையே சாய்க்கும். 2020 டிசம்பர் 2ஆந் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை நேயர்கள் மறந்திரார். வருடத்தில் இருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்ப்பது நன்று.

எந்தக் கோபுரமும் எட்டாத காட்டோரக் குடியிருப்புகளுக்கு 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்ரார்லிங்க் செய்மதிச் சேவை ஒரு வழி. குன்று அதற்குத் தடையன்று. வானம் திறந்திருந்தால் போதும். செலவோ மிகுதி; ஒரு வீட்டுக்கு இயலாதெனினும் ஒரு பாடசாலையோ வாசிகசாலையோ தாங்கக்கூடும்.

பெட்டி வீட்டுக்கு வந்தபின்னரும் ஒரு வேலை எஞ்சியிருக்கும். முன்னாளில் வானொலிப் பெட்டியை அங்குமிங்கும் திருப்பி வைத்து நிலையத்தைப் பிடித்தது போல, ரவுட்டரையும் அறையில் வெவ்வேறிடத்தில் வைத்து அந்த இரண்டாம் எண்ணைப் பார்த்து வரவேண்டும். குற்றலையாதலால் ஒரு கையளவு நகர்த்தினாலும் எண் மாறும். இரும்பு அலுமாரியின் அருகும் தண்ணீர்த் தொட்டியின் பின்னும் ஆகா. உயர்ந்த யன்னலின் பக்கம் பெரும்பாலும் ஏற்றது. எண் உச்சத்தில் நின்ற இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, திகதியையும் எழுதி வைத்தால், வீட்டை வெள்ளையடிக்கும் நாளில் இடம் மாறிப் போன பெட்டியை மீண்டும் அங்கேயே வைக்கலாம்.