இருநூறு மணி நேரத்துக்கு எத்தனை லட்சம்?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை “நான் பைலட் ஆகணும்” என்று சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “எவ்வளவு ஆகும்?” என்பதுதான். பயிற்சிப் பள்ளிக்குப் போன் போட்டால் உடனே ஒரு தொகை சொல்வார்கள். இன்றைய நிலையில் அது பெரும்பாலும் 45 லட்சத்துக்கும் 60 லட்சத்துக்கும் இடையில் இருக்கும். தொகை பெரிது என்பதை விட, அது முழுத் தொகை அல்ல என்பதுதான் எனக்குக் கவலை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப் போகும் பெற்றோர் பலரும் இதைத் தெரிந்துகொள்ளாமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

அந்தத் தொகைக்குக் கிடைப்பது சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமம். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அதை வழங்குகிறது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். வணிகவியலோ கலைப்பாடமோ எடுத்தவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களை மட்டும் தனியாக எழுதித் தேறி வருவது நெடுநாளாக நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பணம் போவது இந்த 200 மணி நேரத்துக்குத்தான்.

50 லட்சத்தை 200-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 25,000 ரூபாய், நிமிடத்துக்கு 400 ரூபாய்க்கு மேல். விமானம் மேலே எழும்பிய பிறகுதான் இந்தக் கணக்கு தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். புறப்படுவதற்காக நகரத் தொடங்கிய நொடியிலிருந்து, திரும்பி வந்து நிற்கும் வரை எல்லாமே பறப்பு நேரம்தான். ஓடுபாதைக்கு முன்னால் ஒரு பயணிகள் விமானம் இறங்கட்டும் என்று காத்து நிற்கும் பத்து நிமிடமும் லாக்புக்கில் ஏறும், பில்லிலும் ஏறும். நெரிசலான விமான நிலையத்தில் இருக்கும் பள்ளியையும், ஒதுக்குப்புறமான ஓடுதளத்தில் இருக்கும் பள்ளியையும் ஒப்பிடும்போது இதை யோசிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு விலை? காலை ஆறு மணிக்கு ஒரு செஸ்னா 172 பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். மாணவர் ஏணியில் ஏறி இறக்கையின் மேல் உள்ள எரிபொருள் தொட்டியில் அளவுகோலை விட்டுப் பார்ப்பார். பிறகு கீழே இறங்கி, இறக்கையின் அடியில் இருக்கும் சிறு வால்வை ஒரு கண்ணாடிக் குப்பியால் அழுத்தி, கொஞ்சம் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அது வெளிர் நீலமாக இருக்க வேண்டும். அடியில் நீர்த்துளி தங்கியிருக்கக் கூடாது. அந்த நீல எரிபொருள்தான் அவ்கேஸ். பெரிய விமானங்களுக்கு ஊற்றும் எரிபொருள் வேறு, இது வேறு. 2022-இல் இந்தியன் ஆயில் வடோதராவில் தயாரிக்கத் தொடங்கும் வரை அவ்கேஸ் வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. விமானமும் அதன் உதிரிப் பாகங்களும் இன்றும் டாலர் விலையில்தான் வருகின்றன.

200 மணி நேரத்தை இஷ்டப்படி பறந்து சேர்த்துவிட முடியாது. அதில் 100 மணி நேரம் பிள்ளையே பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். 300 கடல் மைல் தொலைவுக்கு ஒரு பயணம், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி எழுவது, இரவில் ஐந்து மணி நேரம், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. வழக்கமாக 185 மணி நேரம் ஒற்றை எஞ்சின் விமானத்திலும், மீதி இரட்டை எஞ்சினிலும் போகும். இரட்டை எஞ்சினுக்கு மணிக்கட்டணம் கூடுதல்.

பலரும் கவனிக்காத விதி ஒன்று உண்டு. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்தில் குறைந்தது 15 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பள்ளியில் விமானம் பழுதாகி நின்றாலோ, பயிற்றுநர் வேலையை விட்டுப் போனாலோ, மழைக்காலம் இழுத்தடித்தாலோ பயிற்சி தேங்கும். ஆறு மாதக் கெடு தாண்டினால், 200 மணி நேரத்தை முடித்தவரும் மறுபடி காசு கட்டிப் பறக்க வேண்டும். ஓராண்டில் முடிப்போம் என்று விளம்பரம் செய்யும் இடங்களில் இரண்டு ஆண்டு, அதற்கு மேலும் ஆவது அரிதல்ல. அத்தனை மாத விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தனியாகச் செலவாகும்.

ஆகவே பள்ளியைப் பார்க்கப் போனால் அலுவலக அறையில் காபி குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், எத்தனை பயிற்றுநர்கள், எத்தனை மாணவர்கள் என்ற மூன்று எண்களைக் கேளுங்கள். விமானம் நிறுத்தும் கொட்டகையையும் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் கழற்றிய நிலையில் தூசி படிந்து நிற்பவையும் பள்ளியின் கணக்கில் விமானங்கள்தான். போன ஆண்டு சேர்ந்த மாணவர் ஒருவரிடம், இதுவரை எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். டிஜிசிஏ 2025 முதல் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது. அதையும் பாருங்கள்.

பணம் கட்டும் முன் முடிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது மருத்துவப் பரிசோதனை. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று, அதன் பிறகு இன்னும் கடுமையான முதல் வகுப்புச் சான்று. கண்ணாடி போட்டவர் பைலட் ஆக முடியாது என்று ஊரில் சொல்வது தவறு. கண்ணாடியுடன் பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு இருந்தால்தான் சிக்கல். ஓடுதள விளக்கின் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறை, அந்த நாள் வரை பையனுக்கே தெரியாமல் இருந்திருக்கும். சில ஆயிரம் ரூபாயில் இது தெரிந்துவிடும். முதல் தவணையாகப் பத்து லட்சம் கட்டிய பிறகு தெரியவரும் குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது எழுத்துத் தேர்வு. வான்வழி கணிப்பு, வானிலை, விதிமுறைகள், தொழில்நுட்பம் என்று தாள்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். வானொலியில் பேசுவதற்கான ஆர்டிஆர் தனி. பறக்கும் பயிற்சியில் சேராமலேயே டிஜிசிஏ-யில் கணினி எண் வாங்கிப் பெரும்பாலான தாள்களை எழுதிவிடலாம். வானிலைத் தாளை இரண்டு மாதம் உட்கார்ந்து படிக்கும்போதே, ஆசை எவ்வளவு ஆழம் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். தேறிவிட்டுச் சேர்பவருக்குப் பள்ளியிலும் நேரம் மிச்சம்.

இனி, பள்ளிக் கட்டணத்தில் அடங்காத செலவு. சிபிஎல் வாங்கியவர் ஏர்பஸ் 320-ஐ ஓட்ட முடியாது. அந்த ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங் வேண்டும். சிமுலேட்டரில் பல வாரப் பயிற்சி. இதற்கு 15 லட்சத்திலிருந்து 25 லட்சம் வரை ஆகிறது. ஏர்பஸ்ஸுக்கு வாங்கியது போயிங்குக்கோ ஏடிஆருக்கோ செல்லாது. வேலை உறுதியாகும் முன் சொந்தக் காசில் டைப் ரேட்டிங் எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விமான நிறுவனங்களின் கேடட் திட்டங்களில் தேர்வாகிவிட்டால் உரிமம், டைப் ரேட்டிங், நிபந்தனையுடன் வேலை என்று ஒரே பாதையில் போகலாம். அதற்கு ஒரு கோடியைத் தாண்டும்.

கடன் கணக்கையும் போட்டுவிடுவோம். பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்தை ஈடாகக் கேட்பார்கள். ஈரோட்டுப் பக்கம் ஒரு மஞ்சள் வியாபாரி, வீட்டையும் தோட்டத்தையும் ஈடு வைத்து 60 லட்சம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 சதவீத வட்டி, 15 ஆண்டு. மாதத் தவணை சுமார் 68,000 ரூபாய். பயிற்சி முடியும் வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் ஆண்டுக்கு ஆறரை லட்சத்துக்கு மேல் ஏறிக்கொண்டே இருக்கும். பையனுக்கு வேலை கிடைக்க இரண்டு ஆண்டு தாமதமானால், அந்தத் தவணையை மஞ்சள் விலை தாங்குமா என்பதை இன்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாமதம் ஆகுமா? 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அதே ஆண்டில் டிஜிசிஏ 1,622 வணிக உரிமங்களை வழங்கியது. ஆர்டர் கொடுத்த விமானங்கள் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகத்தான் வந்து சேரும். “பைலட் தட்டுப்பாடு” என்று செய்தியில் வருவது பெரும்பாலும் கேப்டன் தட்டுப்பாடு. 200 மணி நேரத்துடன் புதிதாக வருபவர்கள் நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். கோச்சிங் சென்டர் விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

செலவைக் குறைக்க வழி உண்டா? உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டம் ஃபர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாதமி மத்திய அரசின் நிறுவனம். நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும். கட்டணம் அண்மை ஆண்டுகளில் 45 லட்சம் என்ற அளவில் இருந்தது. நம் பக்கத்தில், பயிற்சிப் பள்ளிகளுக்கென 2022-இல் விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த ஐந்து விமான நிலையங்களில் சேலமும் ஒன்று. அமெரிக்காவுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ போனால் நாள் குறையும். ஆனால் திரும்பி வந்து உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற, இங்கே மறுபடி தேர்வும் பறப்புச் சோதனையும் உண்டு. அந்தச் செலவையும் காத்திருப்பையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எல்லாம் கூடிவந்து விமான நிறுவனத்தில் சேர்ந்த பிறகு, பிள்ளை உட்காருவது வலது பக்க இருக்கையில், துணை விமானியாக. பயணிகளுடன் பறந்தாலும் முதல் சில மாதங்கள் பயிற்சிக் கேப்டனின் மேற்பார்வைதான். அந்த நாட்களில் சம்பளமும் குறைவு. இடது இருக்கைக்கு மாற ஏடிபிஎல் என்ற அடுத்த உரிமம் வேண்டும். அதற்கு 1,500 மணி நேரம். முதல் 200-க்குத்தான் அப்பா காசு கட்டுகிறார். மீதியை நிறுவனத்தின் விமானத்தில், சம்பளம் வாங்கிக்கொண்டே பிள்ளை சேர்த்துக்கொள்ளும்.