ரத்தப் புற்றுக்கு எத்தனை முகம்?

பிறந்து சில நாளே ஆன குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தடித்த அட்டையில் உலர்த்தி வைப்பது பிரிட்டன் போன்ற நாடுகளில் நெடுநாள் வழக்கம். பிறவிக் கோளாறுகளைக் கண்டறிய எடுக்கும் அட்டை அது. லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மெல் கிரீவ்ஸும் சகாக்களும் 1990களின் பிற்பகுதியில் அதை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். லுக்கேமியா எனும் ரத்தப் புற்று வந்த பிள்ளைகளின் பழைய அட்டைகளைத் தேடியெடுத்துச் சோதித்தார்கள். நோய் வெளிப்பட்டது இரண்டு வயதிலோ ஐந்து வயதிலோதான். ஆனால் 12ஆம் குரோமோசோமின் துண்டும் 21ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டியதால் உண்டான கலப்பு மரபணு, பலரது அட்டையில் அன்றே இருந்தது. முதல் பிழை கருவறையிலேயே நேர்ந்துவிட்டது.

இரட்டையர் கதை இன்னும் விசித்திரம். ஒரே நச்சுக்கொடியைப் பகிரும் இரட்டைக் கருக்களில் ஒன்றில் இந்தப் பிழை நேர்ந்தால், பிழைபட்ட செல்கள் ரத்தத்தின் வழியே மற்றதற்கும் போய்விடும். அப்படியானால் இருவருக்குமே நோய் வர வேண்டுமல்லவா? பெரும்பாலும் வருவதில்லை. ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம்தான். நோய் முற்ற, பிறந்த பிறகு வேறு பிழைகளும் சேர வேண்டும். இருவருக்குமே நோய் வந்தாலும் அந்தப் பிந்தைய பிழைகள் ஆளுக்கு ஆள் வேறு. பிறப்பு மரபணு ஒன்று, முதல் பிழையும் ஒன்று. ஆனாலும் புற்று வேறு! அப்படியிருக்க, பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கேட்ட மருந்து நமக்கும் கேட்கும் என்று எப்படிச் சொல்வது?

ஒரே உடம்புக்குள்ளும் இதே கூத்துதான். 2011இல் கிரீவ்ஸ் குழு, ஒளிரும் வண்ணக் குறிகளைக் கொண்டு பிள்ளைகளின் புற்றுச் செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. அவை வரிசையாக ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை அல்ல. ஒரு பாட்டன் வழி வந்த பங்காளிகள்போல, ஒரே செல்லில் தொடங்கிக் கிளை கிளையாகப் பிரிந்தவை. ஒரே மரபணுவை வெவ்வேறு கிளைகள் தனித்தனியே இழந்திருந்ததும் தெரிந்தது.

பெரியவர்களுக்கு வரும் தீவிர மைலாய்டு லுக்கேமியாவில், 200 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வந்த அமெரிக்க ஆய்வு, ஒருவருக்குச் சராசரியாக 13 மரபணுப் பிறழ்வுகளைக் கண்டது. மற்றப் பல புற்றுகளோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனால் எந்த 13 என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இதனால் வரும் சங்கடம், நோய் திரும்பும்போது தெரியும். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டிமோதி லே உள்ளிட்டோர், எட்டு நோயாளிகளின் முதல் புற்றையும் திரும்பி வந்த புற்றையும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டனர். சிலரிடம் முதலில் பெரும்பான்மையாக இருந்த செல் கூட்டமே புதிய பிறழ்வுகளோடு மீண்டது. சிலரிடம் முன்பு சிறுபான்மையாக இருந்த கிளை கீமோ சிகிச்சையில் தப்பிப் பெருகியது. புதிய பிறழ்வுகளில் சில, கீமோவே உண்டாக்கியவையாகத் தோன்றின.

நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா மட்டும் ஓரளவு நேர்வழிக்காரன். அதன் வேர் ஒரேயொரு கலப்பு மரபணு. அதைக் குறிவைத்து 2001இல் வந்த இமாட்டினிப் அந்நோயின் தலையெழுத்தையே மாற்றியது. அங்கும் அந்த மரபணுவில் ஒரே எழுத்து மாறிய செல்கள் சிலரிடம் அம்மருந்துக்குத் தப்பின. அவற்றுக்கென வேறு மருந்து தேவைப்பட்டது.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது நோய் திரும்பினால், பழைய ரிப்போர்ட்டை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மரபணுச் சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.