இருமுறை இழக்கும் இல்லங்கள்

சாவு ஒரு வீட்டிற்குள் ஒரே முறைதான் நுழைகிறது என எண்ணுகிறோம். முதுமறதி நோயால் வாடும் பெரியவர் உள்ள வீட்டிலோ அது இருமுறை நுழைகிறது. பெற்ற மகளின் பெயரைத் தாய் மறந்த அன்று ஒரு முறை; மூச்சு நின்ற அன்று மறுமுறை. இரண்டாம் சாவுக்குப் பங்கே திரண்டு வருகிறது. முதற் சாவுக்கு எவரும் வருவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையே ஆண்டுக்கணக்கில் தனித்து நிற்கும் குடும்பத்தாரைக் குறித்தே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

டிமென்ஷியா என மருத்துவர் அழைக்கும் இந்நோய் முதுமையின் இயல்பன்று. மூளையைப் படிப்படியாய்ச் சிதைக்கும் பிணி. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 லட்சம் பேர் இதற்கு ஆளாகியுள்ளதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நினைவில் தொடங்கும் நோய் பேச்சையும் நடையையும் கவர்ந்து, இறுதியில் விழுங்கும் ஆற்றலையும் பறிக்கிறது. உணவு மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைத் தாக்குவதே பலருடைய முடிவுக்குக் காரணமாகிறது. இதை முன்னறியாதவர், "நான் ஊட்டிய கஞ்சிதான் கொன்றதோ?" என வாழ்நாளெல்லாம் வருந்துவர்.

வால்பாறை போன்ற மலைப் பங்குகளில் இச்சுமை மேலும் கனமானது. தோட்டத்துப் பிள்ளைகளுள் பலர் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கச் சென்றுவிட்டனர். எஞ்சியுள்ள மகளோ மருமகளோ காலையில் இலை பறிக்கச் சென்றால்தான் அன்றைய கூலி. நோயுற்றவர் கதவைத் திறந்து வெளியேறினால், அருகே யானையும் சிறுத்தையும் உலவும் காடு. சிறப்பு மருத்துவரைக் காண 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு இறங்க வேண்டும்.

இந்நிலையில் அண்டை வீட்டாரே முதல் மருந்து. மளுக்கப்பாறை வழியே மேற்கே இறங்கினால் நாம் அடையும் கேரளம் இதை மெய்ப்பித்துள்ளது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித்தணிப்புப் பணி, ஊர்த் தொண்டர்களின் தோள்களில் வளர்ந்தது; 2008-இல் அம்மாநில அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. தமிழகத்திலும் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் கிடப்போருக்கு வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை அளிக்க வழியுண்டு. அரசு சுகாதார நிலையத்தில் கேட்டறிதல் நலம். நம் அன்பியத்தாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் வாரத்தில் இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகே அமர்ந்தால், பேணுபவர் உறங்கலாம்; பூசைக்கும் வரலாம்.

குருவை முன்னதாகவே அழையுங்கள். 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழம்பெயரால், அது சாகுந்தறுவாய்க்கே உரியது என்னும் எண்ணம் பலரிடம் இன்னும் உண்டு. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் அச்சடங்கைப் புதுப்பித்து, கடுமையாய் நோயுற்றோர் அனைவருக்கும் உரியதாக்கினார். தெளிவோடு இருந்த நாளில் அதை விரும்பியிருக்கக்கூடியவருக்கு, நினைவு தப்பிய பின்னரும் வழங்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். பெயர்களை மறந்தவர்கள்கூடச் சிறுவயதில் கற்ற செபத்தை உடன் சொல்வதுண்டு. ஆகவே அவர் பழகிய பழைய சொற்களிலேயே செபமாலை சொல்லுங்கள்.

இறுதி நாள்களில் வலிந்து ஊட்டாதீர்கள். தலையை உயர்த்தி, ஏற்கும் அளவே சிறு கரண்டியால் கொடுங்கள். உடல் எதையும் ஏற்காத நிலையில் உதடுகளை நனைப்பதே போதும், அது பட்டினியிடுவதாகாது. கையைப் பற்றிக்கொள்ளுங்கள். இயேசுவும் மரியாவும் அருகிருக்கச் சூசையப்பர் மரித்தார் என்பது நம் மரபு. அதனாலன்றோ அவர் நன்மரணத்தின் பாதுகாவலரானார்!

அடக்கத்திற்குப் பின்னரே கடினமான வேளை வருகிறது. "அப்பாடா" என ஒரு நிம்மதி எழும். உடனே அதற்காக மனம் குத்தும். அந்த நிம்மதி பாவமன்று. நெடுநாள் சுமந்தவர் சுமையை இறக்கும்போது விடும் மூச்சு அது. களைப்பில் கடிந்து பேசிய நாள்கள் உறுத்துமாயின், பாவசங்கீர்த்தனத்தில் இறக்கி வைத்து எழுந்திருங்கள். தந்தையின் அறிவு மங்கினாலும் பொறுமை காட்டுமாறு சீராக்கின் ஞான நூல், 3-ஆம் அதிகாரத்தில், பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது. பொறுமை கடினம் என்பதை அறிந்தே ஆண்டவர் அதைக் கட்டளையிட்டார். துக்கம் கேட்கச் சென்றோர் முப்பதாம் நாள் பூசையோடு நின்றுவிடாமல், அடுத்த கல்லறைத் திருநாள் வரையேனும் அவ்வீட்டுப் படியேறட்டும்.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் சுற்றிலும் பாருங்கள். நெடுநாளாய் வராத பெண்மணி ஒருவர் உங்கள் நினைவுக்கு வரலாம். பக்தி குறைந்தவர் என எண்ணிவிடாதீர்கள். தம்மை யாரென்று அறியாத ஒருவரை விட்டு அகலாமல் காத்திருப்பவராக அவர் இருக்கலாம். அவர் வீட்டுக்கு இன்றே செல்லுங்கள். சாவு மணி அடிக்கும்வரை காத்திராதீர்கள்.