கண் ஏமாறும், கை ஏமாறாது
முடி அடர்ந்த பெரிய நாயின் எடை சரிதானா? வீட்டிலேயே தெரிந்துகொள்ளும் வழி

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது மனிதருக்குச் சொன்ன பழமொழி. கோல்டன் ரெட்ரீவருக்கும் ஹஸ்கிக்கும் செயின்ட் பெர்னார்டுக்கும் அது இன்னும் நன்றாகப் பொருந்தும். குளிப்பாட்டும் நாளில் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் பட்டு முடி உடம்போடு ஒட்டியதும், அதுவரை சிங்கம்போல் நின்ற நாய் பாதியாகச் சுருங்கிவிடும். 'இவ்வளவு ஒல்லியா?' என்று பதறுவோம். சில நாய்களோ நனைந்த பிறகும் முன்பிருந்த பருமனிலேயே நிற்கும். அதைப் பற்றி எதுவும் தோன்றாமல் துவட்டிவிட்டுப் போய்விடுவோம். நாம் கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் இந்த இரண்டாவது நாய்க்காகத்தான்.

முடி அடர்ந்த பெரிய நாயின் எடையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. கையால் தொட்டுத்தான் அறிய வேண்டும். அதற்கு மருத்துவப் படிப்பு வேண்டாம். வாரத்தில் 5 நிமிடம் போதும்.

முடி மறைக்கும் உடம்பு

இந்த வகை நாய்களுக்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. உடம்பை ஒட்டி பஞ்சுபோன்ற உள்முடி. அதன்மேல் நீண்ட, சற்று முரடான வெளிமுடி. இரண்டுக்கும் நடுவே காற்று தங்குவதால் உடம்பு உள்ளதைவிடப் பெருத்துத் தெரிகிறது. இடுப்பின் வளைவு, விலா, வயிற்றின் ஏற்றம் எதுவும் வெளியே தெரியாது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் ஊர் நாய்களுக்கு முடி குட்டை. உடம்பின் நிலை பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். சிப்பிப்பாறைக்கு ஒன்றிரண்டு விலா எலும்பு லேசாகத் தெரிவது இயல்பே; அது ஓட்டத்துக்கான உடம்பு. அந்த நாய்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, 'புசுபுசு' நாய் என்றால் கொழுகொழுவென்றுதான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. முடி அடர்த்தியை ஆரோக்கியமாகவும், கொழுப்பை வளர்த்தியாகவும் எடுத்துக்கொள்கிறோம்.

தராசு சொல்வது பாதிதான்

அமெரிக்க இனத் தரநிலைப்படி வளர்ந்த ஆண் கோல்டன் ரெட்ரீவர் ஏறக்குறைய 29 முதல் 34 கிலோ, பெண் 25 முதல் 29 கிலோ இருக்கலாம். ஆனால் எல்லா நாய்க்கும் எலும்புக்கூடு ஒரே அளவில் இருப்பதில்லை. சிறிய உடல்வாகுள்ள பெண் நாய்க்கு 29 கிலோ அதிகம். உயரமான ஆணுக்கு 35 கிலோவும் சரியாக இருக்கலாம். அட்டவணையில் உள்ள எண் ஒரு வழிகாட்டி மட்டுமே.

தராசின் உண்மையான பயன் வேறு. மாதம் ஒருமுறை, ஒரே தராசில், எடையைக் குறித்து வைத்தால் மாற்றம் பிடிபடும். சின்ன நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி, பிறகு நம் எடையைக் கழித்துவிடலாம். 35 கிலோ நாயைத் தூக்குவது நம் முதுகுக்கு ஆகாது. பெரிய நாய்கள் ஏறி நிற்கும்படியான மேடைத் தராசு பல கால்நடை மருத்துவமனைகளில் இருக்கிறது.

உங்கள் கையே அளவுகோல்

முதலில் நாயை நிற்க வையுங்கள். உட்கார்ந்தாலோ படுத்தாலோ சதை ஒதுங்கிக் கணக்கு தவறும். முடியைச் சிக்கெடுத்து வாரிவிடுங்கள்; சிக்குப் பிடித்த உள்முடி, விரலுக்குச் சதைபோலவே தோன்றும். பிறகு விரல்களை முடிக்குள் நுழைத்து, தோல்மேல் படும்படி, முன்னங்காலுக்குப் பின்னால் இருக்கும் விலாப்பகுதியில் இரு பக்கமும் வையுங்கள். அழுத்தாமல் முன்னும் பின்னும் தடவுங்கள்.

கைக்குத் தட்டுப்படுவதை எதனோடு ஒப்பிடுவது? அதற்கும் உங்கள் கையே போதும்.

• இடக்கையை முஷ்டியாக மடக்கி, முட்டிகளின் மேல் வலக்கை விரல்களை ஓட்டுங்கள். மேடு பள்ளமாகத் தட்டுப்படும். நாயின் விலா அப்படி இருந்தால் அது மெலிந்திருக்கிறது.

• கையை விரித்து, உள்ளங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்தைத் தடவுங்கள். எலும்பு இருப்பது தெரியும், அழுத்தினால்தான் பிடிபடும். விலா அப்படி இருந்தால் எடை கூடிவிட்டது.

• விரித்த கையின் புறங்கையைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக, உறுத்தாமல் தட்டுப்படும். விலா இப்படி இருந்தால் எடை சரி.

இடுப்பும் வயிறும்

விலாவுக்கு அடுத்து, கைகளை அப்படியே பின்னோக்கி நகர்த்துங்கள். விலா முடிந்ததும் கைகள் உள்நோக்கி இறங்க வேண்டும். அதுதான் இடுப்பு. இறங்காமல் நேராகப் போனாலோ, வெளியே பிதுங்கினாலோ கொழுப்பு சேர்ந்திருக்கிறது. அடுத்து, பக்கவாட்டில் உட்கார்ந்து அடிவயிற்றைத் தடவுங்கள். நெஞ்சிலிருந்து பின்னங்காலை நோக்கி வயிறு மேலேற வேண்டும். இந்த ஏற்றத்தைக் கண்ணால் தேடாதீர்கள். கோல்டனுக்கு அடிவயிற்றில் தொங்கும் நீண்ட முடி அதை மறைத்துவிடும்.

கடைசியாக, முதுகுத்தண்டின் இரு பக்கமும் வால் அடி வரை தடவுங்கள். வால் அடியில் திண்டுபோல் மெத்தென்று இருந்தால் அது கொழுப்பு. முள்முள்ளாக எலும்பு குத்தினால் சதை வற்றியிருக்கிறது. குளித்து நனைந்திருக்கும் நேரம், இந்தச் சோதனை முழுவதற்கும் நல்ல வாய்ப்பு.

9 படி மதிப்பீடு

கால்நடை மருத்துவர்களும் இதே முறையில்தான் தொட்டுப் பார்த்து மதிப்பெண் தருகிறார்கள். 1997இல் வெளியான 9 படி உடல்நிலை மதிப்பீடு இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. 1 முதல் 3 வரை மெலிவு; 4, 5 சரியான நிலை; 6, 7 கூடுதல் எடை; 8, 9 உடல்பருமன். 5க்கு மேல் ஏறும் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 10 சதவீதக் கூடுதல் எடையைக் குறிக்கும். 36 கிலோ கோல்டனுக்கு மருத்துவர் 7 என்று மதிப்பிட்டால், அதற்கு உரிய எடை 30 கிலோ அளவில்தான். மீதி 6 கிலோவைச் சுமந்துகொண்டுதான் அது மாடிப்படி ஏறுகிறது.

அந்தச் சுமை என்ன செய்யும்?

பெரிய இன நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் குறைபாடும் முழங்கால் தசைநார் கிழிவும் ஏற்கெனவே அதிகம். கூடுதல் எடை அந்த மூட்டுகளை இன்னும் நசுக்குகிறது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடம்பைக் குளிர்விக்கிறது. கொழுப்பு மூடிய உடம்பால் வெப்பத்தை வெளியேற்ற முடிவதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் வெப்பத்தாக்கு உயிரையே பறிக்கலாம். அதற்குப் பயந்து முடியை மொட்டையடிப்பதும் தவறு. வெயில் நேரடியாகத் தோலைத் தாக்கும். சில நாய்களுக்கு முடி பழையபடி வளர்வதும் இல்லை. குறைக்க வேண்டியது முடியை அல்ல, எடையை.

2002இல் வெளியான ஓர் ஆய்வை ஒவ்வொரு நாய் வளர்ப்பவரும் அறிந்திருக்க வேண்டும். 48 லாப்ரடார் நாய்களை, உடன்பிறந்தவை இணை இணையாக இருக்கும்படி பிரித்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். அளவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு. அதிகம் தின்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டுவாதத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்டதும் அளவாகத் தின்றவற்றுக்கு வெகுவாகத் தள்ளிப்போனது. கிட்டத்தட்ட 2 ஆண்டு ஆயுளை நம் நாய்க்குக் கொடுப்பதும் எடுப்பதும் நம் கையில் இருக்கும் உணவுக் கிண்ணம்தான்.

முடிக்குள் மெலியும் நாய்

முடி கொழுப்பை மட்டும் மறைப்பதில்லை, மெலிவையும் மறைக்கும். குடற்புழு, உண்ணிக் காய்ச்சல், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், புற்றுநோய் எதுவானாலும் நாய் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்க, வெளியே புசுபுசுவென்றே தெரியும். முன்பு தட்டுப்படாத முதுகெலும்பு இப்போது தட்டுப்பட்டால் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வயிறு பெருத்து, விலாவும் முதுகெலும்பும் துருத்தினால் அது பருமன் அல்ல. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம். குட்டியானால் புழுவாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணவைக் கூட்டாமலே எடை ஏறி, நாய் மந்தமாகி, முடியும் கொட்டினால் தைராய்டு குறைபாடா என்று இரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். கோல்டனுக்கு இது வரக்கூடிய நோய்.

குட்டியைக் கொழுக்க வைக்காதீர்கள்

பெரிய இனக் குட்டி வேகமாக வளர்வது பெருமை அல்ல, ஆபத்து. அளவுக்கு மீறிய உணவு எலும்பு உறுதிப்படும் முன்பே எடையை ஏற்றிவிடும், மூட்டுகள் கோணலாகும். மருத்துவர் சொல்லாமல் கால்சியம் மருந்து ஊற்றுவதும் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

தட்டிலிருந்து தொடங்குங்கள்

எடை கூடிய நாயைப் பட்டினி போடாதீர்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைவதே பாதுகாப்பானது. 36 கிலோ நாய் 30 கிலோவுக்கு வர நான்கைந்து மாதம் ஆகலாம். அவசரம் வேண்டாம்.

உணவைக் கண்ணளவில் கொட்டாமல், சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுங்கள். கருத்தடை செய்த நாய்க்கு உணவுத் தேவை குறையும். அறுவைக்குப் பிறகு அளவை மாற்றாததே பல நாய்கள் பருக்கக் காரணம். 30 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டு நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,400 கலோரி போதும். தின்பண்டம் அதில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காலையில் தாத்தா தரும் பிஸ்கட், மதியம் அம்மா வைக்கும் தயிர்சாதம், இரவு பிள்ளைகள் ஊட்டும் முட்டை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வெள்ளரி, கேரட், உப்பின்றி வேகவைத்த பீன்ஸ் கொடுக்கலாம். திராட்சை, வெங்காயம், சாக்லேட் கூடவே கூடாது. நடையையும் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். விடியற்காலையோ, தரை ஆறிய பிறகோ நடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை 5 நிமிடம்

வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். முடியை வாருங்கள், விலா, இடுப்பு, வயிறு, முதுகு என்று தொட்டுப் பாருங்கள், தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியும் புதிதாக வந்த கட்டியும் அந்த 5 நிமிடத்தில்தான் அகப்படும்.

நாய் எடை இறங்கி உரிய அளவுக்கு வந்ததும், வீட்டுக்கு வரும் உறவினர் எவராவது "ஐயோ, மெலிஞ்சு போச்சே!" என்பார். அவரோடு வாதாட வேண்டாம். அவர் கையைப் பிடித்து, முடிக்குள் நுழைத்து, விலாவின்மேல் வையுங்கள். மற்றதை நாயின் உடம்பே சொல்லிவிடும்.