பியானோ டீச்சருக்கு யார் பி.எஃப். பிடிப்பார்கள்?

அமெரிக்காவில் வருஷத்துக்கு ஒரு முறை, வசந்த காலத்தில், நாலைந்து நாட்களுக்குப் பல வீடுகளில் குழந்தைகள் ரொம்ப சந்தோஷமாக இருப்பார்கள். காரணம் சிம்பிள். பியானோ டீச்சர் ஊரில் இல்லை. மாநாட்டுக்குப் போயிருக்கிறார்!

டாக்டர்களுக்கு மாநாடு உண்டு. வக்கீல்களுக்கு உண்டு. ஆடிட்டர்களுக்கு உண்டு (லஞ்ச் பிரமாதமாக இருக்கும் என்று கேள்வி). ஆனால் வீட்டு முன்ஹாலில் ஒரு பியானோவைப் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சருக்கு எதற்கு மாநாடு?

அவருக்குத்தான் சார் ரொம்பத் தேவை. எப்படி என்று சொல்கிறேன்.

அறுபத்து மூன்று பேர்

1876. அந்த வருஷம்தான் கிரஹாம் பெல் டெலிபோனுக்குப் பேட்டன்ட் வாங்கினார். எடிசனின் ஃபோனோகிராஃப் பிறக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதாவது, வீட்டில் சங்கீதம் கேட்க வேண்டுமென்றால் வீட்டில் யாராவது வாசித்தாக வேண்டும். அந்த யாராவதுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வேண்டும். ஆக ஊருக்கு ஊர் டீச்சர்கள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது.

தியோடர் ப்ரெஸ்ஸர் என்ற இளம் இசை ஆசிரியர், ஓஹையோ மாநிலத்தில் டெலவேர் என்ற சின்ன ஊரில் தன்னைப் போன்ற 62 பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் ஆரம்பித்தார். மியூசிக் டீச்சர்ஸ் நேஷனல் அசோஸியேஷன். சுருக்கமாக எம்.டி.என்.ஏ. தலைமையகம் இன்றைக்கும் அதே ஓஹையோவில், சின்சினாட்டியில்தான். (1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கும் க்ளீவ்லாந்தும் அந்த மாநிலம்தான். அந்த மண்ணில் ஏதோ இருக்கிறது!)

ஏழு மணிக்குச் சமையல் கிடையாது

பிரைவேட் மியூசிக் டீச்சரின் வேலை நேரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்த பிறகுதான் ஆரம்பம். மாலை மூன்றரையிலிருந்து ராத்திரி எட்டு வரை, அரை மணிக்கு ஒரு பிள்ளை. ஊர் உலகம் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் இவர் உச்சக்கட்ட டியூட்டியில் இருப்பார். சொந்தப் பிள்ளை, அடுத்த அறையில் தானே பிரெட்டில் ஜாம் தடவிக்கொள்ளும்.

கேஷுவல் லீவ் கிடையாது. போனஸ் கிடையாது. பி.எஃப். பிடிக்க முதலாளி கிடையாது. முக்கியமாக, 'அந்த மேனேஜர் இருக்கானே...' என்று டீக்கடையில் புலம்ப ஒரு சக ஊழியர் கூடக் கிடையாது. முதலாளி, தொழிலாளி, கேஷியர், பியூன் எல்லாம் அவர் ஒருவரே.

லைசென்ஸும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். இருபது வருஷம் படித்தவரும் டீச்சர்தான். இரண்டு புஸ்தகம் முடித்தவரும் டீச்சர்தான். அதனால்தான் சங்கமே தகுதி பார்த்து ஒரு சான்றிதழ் கொடுக்கிறது. கட்டாயமில்லை. வாங்கிக்கொண்டால் ஒரு கௌரவம்.

மாநாட்டில் காலையில் பெரிய வித்வான்களின் மாஸ்டர் கிளாஸ். பக்கத்து ஹாலில் பியானோ கம்பெனிகளும் புஸ்தகக் கம்பெனிகளும் கடை விரித்திருக்கும். ஆனால் கேள்விகள் சரமாரியாக வருவது வேறு மாதிரி கூட்டங்களில். ஃபீஸை எப்படி உயர்த்துவது? வருமான வரியில் முன்ஹாலைக் கணக்குக் காட்டலாமா? மணிக்கட்டு வலிக்கு என்ன செய்வது? ப்ராக்டிஸே பண்ணாத பையனை என்ன செய்வது? (கடைசிக் கேள்விக்கு 1876-லிருந்து விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.)

புதன்கிழமை நாலு மணி

எல்லாவற்றையும் விடப் பெரிய தகராறு, வராத கிளாஸ். 'பையனுக்கு இன்னிக்கு ஃபுட்பால் மேட்ச், வேற ஒரு நாள் எடுத்துடுங்களேன்' என்று அம்மா போன் செய்வார். சாதாரணக் கோரிக்கைதான். முப்பது மாணவர்களில் மாதத்துக்குப் பத்துப் பேர் இப்படிக் கேட்டால், அரை மணி வீதம் ஐந்து மணி நேரம். அதாவது ஒரு முழு மாலை இலவசம்!

இதற்கு ஒரு பொருளாதாரப் பேராசிரியை, அதுவும் தன் பிள்ளையை இசை வகுப்புக்கு அனுப்பும் தாயார், அழகாகக் கணக்கு எழுதியிருக்கிறார். டீச்சர்கள் அதை நகலெடுத்துப் பெற்றோருக்குக் கொடுப்பார்களாம். சாராம்சம் இதுதான். நீங்கள் வாங்குவது பாடத்தை அல்ல, புதன்கிழமை நாலு மணியை. அது உங்களுக்கு விற்றுப்போன சரக்கு. மதுரை பஸ்ஸில் ஸீட் ரிசர்வ் செய்துவிட்டு நீங்கள் தூங்கிப்போனால், கண்டக்டர் மறுநாள் சும்மா கூட்டிப் போவாரா?

பஸ்ஸிடம் நாம் கேட்பதில்லை. டீச்சரிடம் மட்டும் கேட்கிறோம். ஏனென்றால் டீச்சர் 'சரி' என்று சொல்லிவிடுவார். தெரிந்தவராயிற்றே!

சர்க்கார் வந்தது

2013-ல் ஒரு கூத்து நடந்தது. சங்கத்தின் நடத்தை விதிகளில் ஒரு வரி: இன்னொரு டீச்சரின் மாணவரை வலிய இழுக்கக் கூடாது. கேட்டால் நல்ல பண்பாகத்தானே தெரிகிறது? அமெரிக்க ஃபெடரல் ட்ரேட் கமிஷனுக்கு அப்படித் தெரியவில்லை. 'இருபதாயிரம் பேருக்கு மேல் அங்கத்தினர். ஒவ்வொருவரும் தனி வியாபாரி. வியாபாரிகள் கூடி, உன் வாடிக்கையாளரை நான் தொட மாட்டேன் என்று பேசிக்கொள்வது போட்டிச் சட்டத்துக்கு விரோதம்' என்றது. சில கிளைச் சங்கங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஊர் சராசரிக்குக் கீழே ஃபீஸ் வாங்காதே, இலவச கிளாஸ் எடுக்காதே என்றும் எழுதி வைத்திருந்தன.

கடைசியில் சமரசம். சங்கம் விதியை எடுத்தது. 2014-ல் உத்தரவு இறுதியானது.

பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஃபீஸ் குறைக்காதே என்று சொல்வது சந்தேகமில்லாமல் தப்பு. அந்தக் குறைந்த ஃபீஸில்தான் ஒரு ஏழைப் பிள்ளை கற்றிருக்கும். ஆனால் மாணவரை இழுக்காதே என்பது பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில் பிறந்த விதி. நாலு வருஷம் விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை ஒரு நாள் எதிர்வீட்டு டீச்சரிடம் போனால் போவது ஃபீஸ் மட்டுமா? சட்டத்தில் இதற்குப் பத்தி கிடையாது.

பியானோவா, இரைச்சலா?

2020-ல் கோவிட். மாநாடே கம்ப்யூட்டர் திரைக்குப் போயிற்று. கிளாஸும் போயிற்று. அங்கே புதுத் தொல்லை. ஜூம் போன்ற சாப்ட்வேர்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நீண்டு ஒலிக்கும் ஒரு ஸ்வரம் வந்தால், மின்விசிறிச் சத்தம் போலிருக்கிறது என்று தானே அமுக்கிவிடும். எந்தப் பொத்தானை அணைத்தால் சங்கீதம் சங்கீதமாகவே போகும் என்று டீச்சர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். சங்கம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, இதோ பதில்.

ப்ரெஸ்ஸர் என்ன ஆனார்? 1883-ல் 'எட்யூட்' என்று இசை ஆசிரியர்களுக்கான பத்திரிகை தொடங்கினார். அப்புறம் பிலடெல்பியாவில் இசைப் புஸ்தகங்கள் போட்டு டீச்சர்களுக்கு விற்றார். நன்றாகச் சம்பாதித்தார். அந்தப் பணத்தில் 1906-ல் ஒரு விடுதி ஆரம்பித்தார். யாருக்கு? வேலை ஓய்ந்துபோன இசை ஆசிரியர்களுக்கு! ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கை, வயசான காலத்தில் யாரிடமும் நீளக் கூடாது என்று அந்த மனுஷருக்குத் தோன்றியிருக்கிறது.

எல்லாருக்கும் ஒரு ப்ரெஸ்ஸர் கிடைக்க மாட்டார். உங்கள் தங்கைக்கோ பிள்ளைக்கோ பாட்டு, வீணை, கீபோர்டு என்று எந்த டீச்சர் இருந்தாலும், அடுத்த மாத ஃபீஸை ஒன்றாம் தேதியே கொடுத்துவிடுங்கள். நமக்குச் சம்பளம் இரண்டு நாள் தள்ளிப் போனால் ஆபீஸில் என்ன பேச்சுப் பேசுகிறோம்!