ஊசிக்கு முன் ஒரு கையெழுத்து

வாசலில் போலீஸ் – 9

அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் வீட்டுக் கதவுக்கு எப்படிக் காவல் நிற்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். வீட்டோடு ஆளின் உடம்பையும் சேர்த்தே அது பாதுகாக்கிறது. அப்படியானால், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபட்டவரின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கவும் நீதிபதியின் வாரண்ட் வேண்டுமா?

போலீஸ் தரப்பின் வாதத்தில் நியாயம் உண்டு. குடித்த மது ரத்தத்தில் அப்படியே தங்குவதில்லை. 100 மில்லி ரத்தத்தில் மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை குறைந்துகொண்டே போகும். பெரும்பாலான மாநிலங்களில் உச்சவரம்பு 80 மில்லிகிராம். பிடிபடும்போது 95 இருந்தவர், ஒரு மணி நேரம் தாமதித்தால் வரம்புக்குள் வந்துவிடலாம். சாட்சியம் கண்ணெதிரே கரையும்போது நீதிபதியைத் தேடி அலைய முடியுமா என்று கேட்டார்கள்.

1966-ல் ஷ்மெர்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு இசைந்தது. அது கலிஃபோர்னியாவில் நடந்த விபத்து. அடிபட்டு மருத்துவமனைக்கு வந்தவர் வக்கீலின் ஆலோசனைப்படி மறுத்தும், போலீஸ் டாக்டரிடம் சொல்லி ரத்தம் எடுத்தது. விபத்து நடந்த இடத்தை ஆராய்வதிலும் அவரைக் கொண்டுவந்து சேர்ப்பதிலும் நேரம் போய்விட்டதால், வாரண்ட் இல்லாதது குற்றமில்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. அந்த வழக்கின் நிலைமைக்கு மட்டுமே இது பொருந்தும் என்று நீதிபதி பிரென்னன் வரையறுத்து எழுதியிருந்தார். ஆனால் பல மாநிலங்கள், மது என்றாலே அவசரம், வாரண்ட் தேவையில்லை என்று அதற்குப் பொருள் கொண்டன.

2010 அக்டோபர் 3. மிசௌரி மாநிலத்தில் அதிகாலை 2.08 மணிக்கு, வேகமாகப் போய் நடுக்கோட்டைத் தாண்டிய வண்டியை ஒரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் மடக்கினார். ஓட்டியவரின் கண் சிவந்திருந்தது, நாக்குக் குழறியது. ஊதச் சொன்னார், அவர் ஊதவில்லை. நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். ரத்தம் கொடுக்க மறுத்தால் ஓராண்டுக்கு லைசென்ஸ் ரத்தாகும் என்று படிவத்தைப் படித்துக் காட்டினார். அப்போதும் மறுப்புதான். ஆய்வகப் பணியாளரிடம் சொல்லி ரத்தம் எடுக்கவைத்தபோது மணி ஏறக்குறைய 2.35.

முன்பெல்லாம் இதே அதிகாரி வாரண்ட் வாங்கித்தான் ரத்தம் எடுத்திருக்கிறார், சிரமமும் இருந்ததில்லை. சட்டம் மாறிவிட்டது, இனி வேண்டாம் என்று எண்ணி, அன்று அவர் கேட்கவே இல்லை. விண்ணப்பம் போட அரசு வக்கீலும் கையெழுத்திட நீதிபதியும் அந்த வேளையிலும் கிடைத்திருப்பார்கள் என்று விசாரணை நீதிமன்றம் கண்டது. ரத்தத்தில் இருந்தது 154 மில்லிகிராம். வரம்பைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இருந்தும் அந்தச் சான்று செல்லாது என்றது.

மெக்நீலி வழக்கு என்று பெயர்பெற்ற அது 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ரத்தத்தில் மது குறைவது மட்டுமே வாரண்டைத் தவிர்க்கப் போதிய காரணமாகாது. ஒவ்வொரு வழக்கிலும் நிலைமையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று நீதிபதி சோட்டோமயர் எழுதினார். 1966-ன் உலகம் மாறியிருந்தது. கான்சாஸில் ஒரு கவுன்டியில் போலீஸ் மின்னஞ்சல் அனுப்ப, நீதிபதிகள் ஐபேடில் கையெழுத்திட்டு 15 நிமிடத்துக்குள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இதைத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸே எடுத்துக்காட்டினார்.

2016-ன் பர்ச்ஃபீல்டு தீர்ப்பு மூச்சையும் ரத்தத்தையும் பிரித்தது. கைதானவரை ஊதச் சொல்ல வாரண்ட் வேண்டாம். ரத்தமோ தோலைத் துளைத்து எடுப்பது. குப்பியில் வைத்திருந்து மதுவைத் தாண்டி வேறு விவரங்களையும் தோண்டலாம். ஆகவே வாரண்ட் வேண்டும். 2019-ல் மிட்செல் வழக்கு, நினைவிழந்த ஓட்டுநர் விஷயத்தில் பெரும்பாலும் போலீஸுக்கு விலக்குக் கொடுத்தது.

இந்தச் சட்டத்தை ஒரு நர்ஸ் கையில் பிடித்து நின்றதை உலகமே காணொளியில் பார்த்தது. 2017 ஜூலையில், யூட்டா பல்கலைக்கழக மருத்துவமனை. தீக்காயத்தோடு நினைவின்றிக் கிடந்த லாரி ஓட்டுநர், விபத்தில் பாதிக்கப்பட்டவரே தவிர சந்தேக நபர் அல்ல. வாரண்ட், நோயாளியின் சம்மதம், கைது – மூன்றில் ஒன்றும் இல்லாமல் ரத்தம் தர முடியாது என்று மருத்துவமனை விதியை நர்ஸ் படித்துக் காட்டினார். துப்பறியும் அதிகாரி அவருக்கே விலங்கு மாட்டி வெளியே இழுத்துப்போனார். முடிவில் அதிகாரிக்கு வேலை போனது. நகர நிர்வாகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 5 லட்சம் டாலர் கொடுத்தன.

வாரண்ட் கேட்டால் குடிபோதை ஓட்டுநர்கள் தப்பிவிடுவார்கள் என்ற பயம் வீண். டெக்சாஸில் விடுமுறை நாட்களில் கையெழுத்திட நீதிபதிகளைத் தயாராகவே வைத்திருக்கிறார்கள். முகாந்திரம் இருந்தால் வாரண்ட் கிடைக்கும். இல்லாதபோது ஊசி குத்த யாருக்கும் உரிமை இல்லை. சந்தேகப்படுகிறவரே அனுமதியும் கொடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு 15 நிமிடம் செலவாகிறது என்றால், அது நியாயமான செலவுதான்.

அடுத்த வாரம்: கைதானவரின் செல்போனைப் போலீஸ் திறந்து பார்க்கலாமா?

(தொடரும்)